காலனி வாசலில் சைக்கிளுக்கு வழியில்லை

சேரிக்காரர் சைக்கிளில் ஏறி ஊர்த்தெருவைக் கடக்கக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு கட்டுக்கதை அல்ல. காலனிகளில் அறுபது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டால், எந்த முனையில் இறங்குவோம், எங்கே மறுபடி ஏறுவோம் என்று கை நீட்டிக் காட்டுவார்கள். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம், பொது இடத்தில் தலித்துகள் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பதைப் பெயர் சொல்லியே குற்றமாக்கியது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

தமிழக அரசின் இலவச சைக்கிள் திட்டமும் 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத்தான் தொடங்கியது; எல்லோருக்கும் விரிந்தது பிறகுதான். ஓட்டும் உரிமையைச் சட்டம் கொடுத்தது, வண்டியை அரசு கொடுத்தது. ஓட்டுவதற்கு இடம்?

திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை என்று நீளும் நான்கு வழிச்சாலையைப் பாருங்கள். ஊர் ஒரு பக்கம், காலனி மறு பக்கம் என்று சாலை பிளந்துகொண்டு போகும் இடங்களில் பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் பெரும்பாலும் ஊர்ப் பக்கம்தான். சர்வீஸ் சாலை பாதியில் முடிந்துவிடும். நடுத்தடுப்பில் திறப்பு எங்கோ தள்ளி இருக்கும். அரவைக் காலம் வந்துவிட்டால் கரும்பு டிராக்டர்கள் பின்விளக்கில்லாமல் இடது ஓரத்தை அடைத்துக்கொண்டு ஊரும். அந்த ஓரம்தான் சைக்கிள்காரருக்கு மிஞ்சிய இடம். அதிலும் மண்ணும் கருவேல முள்ளும்.

‘சைக்கிள்காரர்கள் எதிர்த்திசையில் வருகிறார்கள், விதியை மதிப்பதில்லை’ என்று கார் ஓட்டுபவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. இருட்டில் விளக்கில்லாத சைக்கிள் திடீரென எதிரே வந்தால் யாருக்கும் பதறத்தான் செய்யும். ஆனால், முந்நூறு மீட்டரில் இருக்கும் பள்ளிக்கு, விதிப்படி போவதென்றால் லாரிகளுக்கு நடுவே இரண்டு மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்று சாலையைப் போட்டுவிட்டு, பதினாறு வயதுப் பெண்ணிடம் ஒழுக்கம் கேட்பது என்ன நியாயம்? கொடுத்த சைக்கிளை விற்றுவிடுகிறார்கள் என்ற ஏளனமும் அடிக்கடி கேட்கிறது. பெண்ணை அந்தச் சாலையில் அனுப்பப் பயப்படும் தாயை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

தனிப்பாதை கேட்பது புதிய ஆசையும் அல்ல. மணிக்கு 200 மோட்டார் வாகனங்களுக்கு மேல் ஓடும் சாலையில், நெரிசல் நேரத்தில் 100 சைக்கிள்கள் போனாலே தனிப்பாதை போடலாம், அகலம் 2 மீட்டராவது வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962இலேயே வரையறுத்திருக்கிறது. எண்ணிப் பார்ப்பவர்தான் இல்லை. எண்ணும்போதும் நம்மவர்கள் விடுபட்டுப் போகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலைக்குப் போவோரின் பயண முறையைக் கேட்டது. ஆனால் விவசாயிகளையும் விவசாயக் கூலிகளையும் வீட்டுத் தொழில் செய்வோரையும் தவிர்த்த ‘பிற தொழிலாளர்’களிடம் மட்டும். விடியற்காலை மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போகும் கூலியாள் அந்த அட்டவணையில் எங்கும் இல்லை. விபத்துப் புள்ளிவிவரத்தில் சைக்கிள்காரர் என்று ஒரு வரி இருக்கிறது. அவர் எந்தச் சமூகம், எந்தக் காலனி என்பது இல்லை.

இன்று காலனி இளைஞர்களில் பலர் மொபெட்டுக்கும் பைக்குக்கும் மாறிவிட்டார்கள் என்பது உண்மைதான். மிஞ்சியிருப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகளும் பெட்ரோலுக்கு வழியில்லாத முதியவர்களும். அடிபட்டால் தாங்காதவர்கள் இவர்கள்தான்.

நகரங்களில் போடப்படும் சைக்கிள் பாதைகளில் பல, ஹெல்மெட் மாட்டி ஞாயிறு காலை ஓட்டுபவர்களை மனதில் வைத்தவை. அவர்கள் மீது நமக்குக் கோபமில்லை. சாயம் பூசிய கோடு மட்டும் போதும் என்ற எண்ணம்தான் பிழை. கோடு போட்ட பாதை, ஒரே மாதத்தில் பைக் நிறுத்துமிடமாகவும் இளநீர்க் கடையாகவும் மாறுவதைப் பார்த்துவிட்டோம். கரை உயர்த்திக் கட்டிய பாதை வேண்டும். காலனித் திருப்பத்திலிருந்து மேல்நிலைப் பள்ளி வரை, அரசு மருத்துவமனை வரை, பேருந்து நிலையம் வரை என்று துண்டு துண்டாகத் தொடங்கினாலும் போதும். செலவு நெடுஞ்சாலைத் துறையின் பணத்தில் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர் துணைத் திட்ட நிதியில் கை வைத்துவிட்டு, ‘உங்களுக்குத்தானே போட்டோம்’ என்று கணக்குக் காட்டும் வேலை வேண்டாம்.

மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய விழிப்புணர்வு கண்காணிப்புக் குழுவுக்கும் தலைவர் மாவட்ட ஆட்சியர்தான். ஒரு கூட்டத்தில் விபத்து அதிகம் நடக்கும் இடங்களின் பட்டியல். மற்றொன்றில் காலனி மக்களின் மனுக்கள். அடுத்த கூட்டத்துக்கு முன் அந்த இரண்டு கோப்புகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஆட்சியர் உத்தரவிட வேண்டும். வரும் கிராம சபையில், தங்கள் திருப்பத்தில் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை எத்தனை சைக்கிள்கள் கடக்கின்றன என்று எண்ணி, அந்த எண்ணோடு தீர்மானம் போடக் காலனி இளைஞர்கள் தயாராகலாம்.