பெற்றோரை அழைத்து வா

"நாளை பெற்றோரை அழைத்து வந்தால்தான் வகுப்புக்குள் நுழையலாம்" என்னும் ஆணை நம் பள்ளிகளில் பழகிப்போன ஒன்று. அதன்பின் நிகழ்வதையும் அனைவரும் அறிவர். அன்றைய கூலியை இழந்து வந்த தாயோ தந்தையோ தலைமையாசிரியர் அறையில் நின்றுகொண்டே இருப்பார். மகன் வகுப்புக்கு வராமல் திரிந்தது, கைகலப்பில் இறங்கியது, ஆசிரியரை எதிர்த்துப் பேசியது ஆகிய யாவும் அவர்முன் அடுக்கப்படும். "பிள்ளை வளர்க்கும் முறை இதுதானா?" என்ற கேள்வியோடு சந்திப்பு முடியும். அவரை அமரச் செய்து, "வீட்டில் உங்களுக்கு என்ன சிரமம்?" எனக் கேட்பவர் அரியர். வளரிளம் பருவத்தினரின் நடத்தைச் சிக்கலைத் தீர்க்க விரும்புவோர் முதலில் கைகொடுக்க வேண்டியது அவர்தம் பெற்றோருக்கே என்பது என் கருத்து.

இரக்கத்தால் மட்டும் இதனைக் கூறவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜெரால்டு பேட்டர்சன் குடும்பங்களை அவரவர் வீட்டிலேயே கவனித்து ஆராய்ந்தவர். 1982ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் அவர் ஒரு சுழலை விளக்கினார். நம் வீட்டு நிகழ்வைக் கொண்டே அதனைப் புரிந்துகொள்ளலாம். இரவு 11 மணிக்குக் கைப்பேசியை வைத்துவிடுமாறு தாய் சொல்கிறார். மகன் கத்துகிறான், கதவை அறைந்து சாத்துகிறான். உழைத்துக் களைத்த தாய், அக்கம்பக்கத்தார் காதில் விழுமே என்றஞ்சி அடங்கிவிடுகிறார். கத்தினால் காரியம் நடக்கும் என மகன் கற்கிறான். விட்டுக்கொடுத்தால் சற்று ஓய்வு கிடைக்கும் எனத் தாயும் கற்கிறார். மறுநாள் பொறுமையிழந்து அவர் கையோங்க, மகன் பணிகிறான். குரலை உயர்த்துபவரே வெல்வார் என்னும் பாடம் இருவருக்கும் உறுதிப்படுகிறது. இச்சுழலை அறுக்க, பதறாமல் ஒரே சொல்லில் நிற்கும் பெரியவர் ஒருவர் வேண்டும். கடனாலும் உறக்கமின்மையாலும் நொந்துபோனவரிடம் அந்த நிதானத்தை எதிர்பார்ப்பது வறண்ட கிணற்றில் வாளி இறக்குவதாகும்.

"செல்லம் கொடுத்தவர்களே அனுபவிக்கட்டும்" என்போர் உளர். பெற்றோரின் பொறுப்பை நான் மறுக்கவில்லை. எனினும், ஒரே வீட்டில் வளரும் இருவருள் ஒருவர் அடங்கியும் மற்றவர் முரண்பட்டும் இருப்பதை எந்தத் தெருவிலும் காணலாம். உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி முழுமையாக முதிர, இருபது வயதைக் கடந்தும் சில ஆண்டுகள் ஆகும். முரட்டுத்தனமாகத் தோன்றுவது சிலரிடம் மனச்சோர்வாகவும் இருக்கக்கூடும். அதனை மருத்துவரே கண்டறிய வேண்டும். பழிக்கு அஞ்சும் பெற்றோரோ மருத்துவரை நாடாமல் சிக்கலை மறைப்பர். உறவினர் வீட்டுத் திருமணத்துக்குச் செல்வதைக்கூட நிறுத்திவிடுவர். இதில் தாயின் நிலை இன்னும் கொடிது. மகன் வென்றால் தந்தையின் பெயரைச் சொல்லும் ஊர், அவன் தவறினால் தாயின் வளர்ப்பைப் பழிக்கும்.

மாணவர்களே, தாழ்வாரத்தில் காத்திருக்கும் தாயைச் சுட்டிக்காட்டி நகைப்பவர்கள் பெரும்பாலும் உங்கள் வயதினரே. அந்நகைப்பு அவர் செவிக்கு எட்டாமல் போவதில்லை.

உதவிக்கு வழியே இல்லை என்று கூற முடியாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட மனநல உதவி எண் 14416இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். பிள்ளைகளுக்கு மட்டுமன்றிப் பெற்றோருக்கும் உரியது அது. ஆயினும் சுவரில் எழுதப்பட்ட எண், அருகிலிருந்து கேட்கும் மனிதருக்கு ஈடாகாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே. கட்டடம், குடிநீர் பற்றிப் பேசும் அக்குழு, இத்தகைய பெற்றோர் தமக்குள் மனம்விட்டுப் பேச மாதம் ஒரு மாலையை ஒதுக்கலாம். அடுத்த தெருவிலும் ஒரு தாய் இதே கவலையில் விழித்திருக்கிறார் என்று அறிவதே பெரிய ஆறுதல். பள்ளியின் அழைப்பையும் காலையிலிருந்து மாலைக்கு மாற்றிவிடலாம். ஒரு நாள் கூலி மிஞ்சும், தந்தையரும் வருவர்.