'முழுச் செயற்கை' எஞ்சின் ஆயில்: ஜெர்மனியில் ஒரு சொல்லைச் சுற்றிய சர்ச்சை

ஜெர்மனியின் கொலோன் நகருக்கு அருகே, ரைன் நதிக்கரையில் உள்ள வெஸ்ஸலிங் ஆலையில் கச்சா எண்ணெய் சுத்திகரிப்பை 2025-ஆம் ஆண்டுடன் முடித்துக்கொண்டு, அங்குள்ள ஹைட்ரோகிராக்கர் பிரிவை உயர்தர எஞ்சின் ஆயிலுக்கான அடிப்படை எண்ணெய் தயாரிக்கும் பிரிவாக மாற்றுவதென ஷெல் நிறுவனம் 2024 ஜனவரியில் முடிவு செய்தது. இந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் உற்பத்தி தொடங்கும் என்றும், ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் டன் கொள்ளளவு ஜெர்மனியின் தேவையில் ஏறத்தாழ 40 சதவீதத்துக்கு ஈடானது என்றும் அந்நிறுவனம் அப்போது தெரிவித்தது.

மின்சாரக் கார்களுக்கு எஞ்சின் ஆயிலே தேவையில்லை எனும்போது இப்படியொரு முதலீடு எதற்காக என்ற கேள்வி எழுவது இயல்பே. சாலைகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வாகனங்களில்தான் இதற்கான விடை இருக்கிறது. டர்போ பொருத்திய இன்றைய எஞ்சின்களுக்கு, குளிரில் உறையாத, வெப்பத்தில் ஆவியாகாத, நீர்த்த எண்ணெய் வேண்டும். ஃபோக்ஸ்வாகன் போன்ற நிறுவனங்கள் தமது சில கார்களில் 30,000 கிலோமீட்டர் வரை எண்ணெய் மாற்றாமல் ஓட்டலாம் என்கின்றன. பழைய முறையில் சுத்திகரித்த எண்ணெய் இதற்குத் தாங்காது. ஆகவே விலையுயர்ந்த எண்ணெய்க்கான தேவை, வாடிக்கையாளரின் ஆடம்பர ஆசையால் மட்டும் உருவானதல்ல. பெரும்பாலும் காரின் கையேடே அதை வற்புறுத்துகிறது.

ஆனால் அந்த எண்ணெயை என்ன பெயரிட்டு விற்பது என்பதில்தான் சிக்கல்.

டப்பாவில் உள்ளதில் முக்கால் பங்குக்கும் அதிகமானது அடிப்படை எண்ணெய்தான். மீதி, சேர்க்கப்படும் ரசாயனங்கள். அடிப்படை எண்ணெய்களை அமெரிக்க பெட்ரோலியக் கழகம் ஐந்து பிரிவுகளாக வகுத்துள்ளது. முதல் மூன்றும் பொதுவாகக் கச்சா எண்ணெயிலிருந்து வருபவை. இவற்றில் மூன்றாவது பிரிவு, அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தி மூலக்கூறுகளை உடைத்து மாற்றியமைக்கும் ஹைட்ரோகிராக்கிங் முறையில் கிடைப்பது. நான்காவது பிரிவான பாலி ஆல்ஃபா ஒலிஃபின், எத்திலீனிலிருந்து படிப்படியாகக் கட்டி எழுப்பப்படுகிறது. எஸ்டர் உள்ளிட்ட மற்றவை ஐந்தாவது பிரிவில் அடங்கும்.

மூன்றாவது பிரிவு எண்ணெயைச் 'செயற்கை' எனலாமா? அமெரிக்காவில் காஸ்ட்ரோல் நிறுவனம் அவ்வாறு விளம்பரப்படுத்தியதை எதிர்த்து மொபில் நிறுவனம், விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பிடம் முறையிட்டது. 1999-இல் அந்த அமைப்பு காஸ்ட்ரோலுக்குச் சாதகமாகத் தீர்மானித்தது. அதன்பின் உலகின் பெரும்பாலான சந்தைகளில், விலை குறைவான மூன்றாவது பிரிவும் 'முழுச் செயற்கை' என்ற பெயரிலேயே கடைக்கு வந்தது.

ஜெர்மனி அந்த வழியில் செல்லவில்லை. 'ஃபோல்சிந்தேட்டிஷ்', அதாவது முழுச் செயற்கை என்ற சொல், அங்கு நிலவும் நடைமுறைப்படி நான்காவது, ஐந்தாவது பிரிவு எண்ணெய்களுக்கே உரியது. மூன்றாவது பிரிவைக் கொண்டு தயாரித்தவை 'எச்.சி. சிந்தேஸ', 'செயற்கைத் தொழில்நுட்பம்' போன்ற சுற்றிவளைத்த பெயர்களோடு விற்கப்படுகின்றன.

இதில் ஒரு விநோதமும் உண்டு. நிலக்கரியை ஹைட்ரஜனோடு வினைபுரியச் செய்து எண்ணெயாக்கும் முறைக்கு 1913-இல் காப்புரிமை பெற்றவர் ஃபிரெடரிக் பெர்கியஸ் என்ற ஜெர்மானியர். 1931-இல் கார்ல் போஷுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். ஹைட்ரோகிராக்கிங்கின் மூதாதை அந்த முறையே. வெஸ்ஸலிங் ஆலையும் 1937-இல், நாஜி ஆட்சியின் போர் ஏற்பாடுகளுக்கிடையே, பழுப்பு நிலக்கரியிலிருந்து செயற்கை எரிபொருள் எடுப்பதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் வாரிசுதான். அதே இடத்தில் தயாராகவுள்ள மூன்றாவது பிரிவு எண்ணெய், அதே நாட்டில் முழுச் செயற்கை ஆகாது.

ரூர் ஆற்றங்கரை நகரான முல்ஹைமில் ஃபிரான்ஸ் ஃபிஷரும் ஹான்ஸ் ட்ராப்ஷும் 1920-களில் கண்டறிந்த முறையோ இன்னும் குழப்பமானது. அதைக் கொண்டு கத்தாரில் 2011 முதல் இயற்கை எரிவாயுவிலிருந்து அடிப்படை எண்ணெய் தயாரிக்கப்படுகிறது. கச்சா எண்ணெய் இதில் துளியும் இல்லை. ஆயினும் பட்டியலில் அது மூன்றாவது பிரிவிலேயே வைக்கப்படுகிறது.

தயாரிப்பு முறையைப் பார்த்துப் பெயரிடும் ஜெர்மானியக் கண்டிப்பு, அதிக விலை கொடுப்பவருக்கு எதற்காகக் கொடுக்கிறார் என்பதைத் தெரிவிக்கிறது. அந்த வகையில் அது நேர்மையானது. எனினும் எஞ்சினுக்கு எது பொருந்தும் என்பதை அது சொல்வதில்லை. கடுங்குளிரில் நான்காவது பிரிவுக்கு இன்றும் மேன்மை உண்டு என்றாலும், நல்ல ரசாயனச் சேர்க்கையுடன் மூன்றாவது பிரிவும் கார் நிறுவனங்களின் கடும் சோதனைகளில் தேறுகிறது.

டோர்ட்மண்டில் டாக்சி ஓட்டும் ஒருவரும் சென்னையில் கார் வைத்திருக்கும் அவரது தம்பியும் 'முழுச் செயற்கை' எண்ணெய் வாங்கினால், இருவரும் ஒரே பொருளை வாங்கியிருப்பார்கள் என்பதற்கு உறுதியில்லை. ஆனால் டப்பாவின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் ஃபோக்ஸ்வாகன் 504 00, மெர்சிடிஸ் 229.51 போன்ற ஒப்புதல் எண்களுக்கு இரு ஊர்களிலும் பொருள் ஒன்றுதான்.