வீட்டோடு வரும் விருந்தினர்

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த்தொட்டி, கழிப்பறை ஆகியவற்றைத் தன்னுள் கொண்ட ஊர்தி, ‘கேம்பர்வேன்’ எனப்படும். அது சக்கரங்களின்மேல் அமைந்த சிறு வீடு. விரும்பிய நேரத்தில் புறப்படலாம், விரும்பிய இடத்தில் தங்கலாம் என்னும் எண்ணமே அதன் கவர்ச்சி. ஸ்காட்லாந்தின் தொலைதூரத் தீவுகளைச் சுற்றிவரக் கோடைதோறும் பலர் இவ்வூர்தியில் செல்கின்றனர். திட்டமிடாமல் செல்வதே உண்மையான விடுதலை என்பது அவர்களுள் சிலரின் கருத்து. அக்கருத்து ஏற்கத்தக்கதன்று. சிறிய தீவொன்றில் பயணி திட்டமிடாமல் துய்க்கும் விடுதலைக்கு அங்கு வாழ்பவரே விலை கொடுக்கிறார்.

ஸ்காட்லாந்துக்கு உரிய தீவுகள் 700-க்கும் மேற்பட்டவை. அவற்றுள் மக்கள் வாழ்பவை ஏறத்தாழ நூறே. மேற்கே அட்லாண்டிக் பெருங்கடலோரம் லூயிஸ், ஹாரிஸ், பாரா முதலான வெளி ஹெப்ரிடீஸ் தீவுகள் நீண்டு கிடக்கின்றன. பாராவில் விமானம் கடற்கரை மணலில்தான் இறங்குகிறது. அலை ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே அதன் நேரம் குறிக்கப்படுகிறது. எனவே, தீவினருக்குக் கப்பலே உயிர்நாடி. உணவுப்பொருளும் எரிபொருளும் அதில்தான் வருகின்றன. சந்தைக்குச் செல்லும் ஆடுகளும், பெருநிலத்து மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளரும் அதில் போகின்றனர்.

தீவினரின் சுமையைக் குறைக்க, அதே தொலைவைச் சாலையில் கடக்க ஆகும் செலவை அடிப்படையாகக் கொண்டு கப்பல் கட்டணத்தை வகுக்கும் முறை, 2008-இல் வெளி ஹெப்ரிடீசில் சோதனையாகத் தொடங்கப்பட்டது. கட்டணம் குறைந்ததும் சுற்றுலா ஊர்திகள் பெருகின. கப்பல் தளமோ அளவானது. நீண்ட கேம்பர்வேன் ஒன்று ஏறினால், ஒன்றுக்கு மேற்பட்ட சிற்றுந்துகளுக்கான இடம் குறையக்கூடும். தீவினருக்கெனச் செய்த ஏற்பாடே கோடையில் அவர்களுக்கு இடமில்லாத நிலையை உண்டாக்கியது. ஆதலால், ஊர்தியின் நீளத்தைச் சரியாகக் குறிப்பிட்டு முன்பதிவு செய்வதும், வர இயலாதபோது அதனை உடனே விலக்கிக்கொள்வதும் பிறர் இடத்தை மதிக்கும் பண்பாகும்.

கரையிறங்கிய பின்னும் இக்கடமை தொடர்கிறது. தீவுச் சாலைகள் பல ஒற்றைத்தடமானவை. எதிர்வரும் ஊர்திக்கு வழிவிடவும், பின்வருவதை முந்தவிடவும் ஆங்காங்கே ஒதுங்கிடங்கள் உள்ளன. காட்சி அழகாக இருக்கிறதென்று அங்கே இரவு தங்குவோர், அவசர மருத்துவ ஊர்தியின் வழியையும் அடைக்கின்றனர் என்பதை உணர்வதில்லை.

கடற்கரையை ஒட்டிய ‘மாக்கர்’ என்னும் புல்வெளி, சிப்பித்தூள் கலந்த மணல் காற்றால் படிந்து உருவானது. கோடையில் அது பூக்களால் நிறையும். அரிய பறவைகள் அங்கே கூடு கட்டும். சிறு உழவர்களின் கால்நடைகளும் மேயும். அதன் மேற்பரப்பு மெல்லியது. சக்கரம் அதைக் கிழித்தால், அவ்விடத்து மணலைக் குளிர்காலப் புயற்காற்று வாரிச் செல்லும்.

2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பிறர் நிலத்திலும் பொறுப்புடன் நடக்கவும் கூடாரமிட்டுத் தங்கவும் உரிமை தருகிறது என்பர் சிலர். அது உண்மையே. ஆனால், அவ்வுரிமை மோட்டார் ஊர்திகளுக்குப் பொருந்தாது. உரிமையின் ஒரு பாதியை மட்டும் படிப்பது அறியாமையினும் தீங்கானது.

அவ்வாறாயின் இவ்வூர்திகளைத் தடைசெய்துவிடலாமே என்று கேட்கலாம். அதுவும் தீர்வாகாது. தொலைதூரத் தீவு வாழ்வு எளிதில் குலையக்கூடியது. செயின்ட் கில்டாவில் எஞ்சியிருந்த 36 பேரும், அங்கு வாழ இயலாமல், தாமே வேண்டிக்கொண்டு 1930-இல் வெளியேறினர். வருவாயும் வேலையும் இல்லாத தீவில் இளைஞர் தங்கமாட்டார். பயணியர் தரும் பணம் தீவுகளுக்குத் தேவை. ஆயினும், பெருநிலத்திலேயே உணவும் எரிபொருளும் நிரப்பிவந்து, குப்பையை மட்டும் விட்டுச்செல்பவரால் தீவுக்கு என்ன பயன்? ஊர்க் கடையில் பொருள் வாங்குதல், ஊரார் அமைத்த தங்குமிடத்தில் உரிய கட்டணம் செலுத்தித் தங்குதல், கழிவை அதற்கெனக் குறித்த இடத்திலேயே கொட்டுதல் ஆகியன பயணியர் செய்யத்தக்கவை. லூயிஸ், ஹாரிஸ் பகுதிகளில் ஞாயிறன்று பல கடைகள் மூடியிருக்கும். அந்த ஓய்வுநாளைக் குறைகூறாமல், தேவையானவற்றை முன்னாளே வாங்கிவைப்பவரே நல்ல விருந்தினர்.

வீட்டை உடன்கொண்டு செல்வதால் செல்லுமிடமெல்லாம் சொந்த ஊராகிவிடாது. பயணி வந்து திரும்புபவர். தீவினரோ அங்கேயே வாழ்பவர். பயணத் திட்டத்தின் முதல் வரியில் இவ்வேறுபாடு இடம்பெற வேண்டும்.