தீபாவளி மெஹந்தி... கொஞ்சம் கவனம்!

தீபாவளி நெருங்கினால் திருநகர் பெண்கள் தோழிகளோடு பார்லருக்குக் கிளம்பிவிடுவார்கள். ஃபேஷியல், த்ரெட்டிங், கடைசியில் மெஹந்தி. சேர்ந்து போனால் அரட்டையும் உண்டு, தப்பே இல்லை. ஆனால் மெஹந்தி விஷயத்தில் மட்டும் உஷாராக இருக்க வேண்டும்.

மருதாணி இலையில் இருக்கும் சாயத்துக்கு லாசோன் என்று பெயர். அது முதலில் ஆரஞ்சாகப் பிடித்து, ஒன்றிரண்டு நாளில்தான் கருஞ்சிவப்பாகும். ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடித்தால் அது மருதாணியின் வேலை இல்லை! ஹேர் டையில் சேர்க்கும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கலாம். ஐரோப்பாவில் ஹேர் டையிலேயே அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தோலில் பூச அனுமதியே கிடையாது. சிலருக்குக் கை கொப்பளித்துத் தழும்பாகிவிடும். ஒருமுறை அலர்ஜி வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. பிறகு நரைக்கு டை அடிப்பதுகூட ஆபத்துதான்.

அழகுக்காகக் காசு கொடுத்து இந்த வம்பை வாங்க வேண்டுமா? இரண்டு நாள் முன்னால் நாலு தோழிகள் ஒரு வீட்டில் கூடி, இலையைப் பறித்து அரைத்து, ராத்திரி வைத்துக்கொள்ளட்டும். அரட்டைக்கு அரட்டையும் ஆச்சு, பண்டிகையன்று நிறமும் சரியாக ஏறியிருக்கும். விடிகாலையில் நல்லெண்ணெய், சீயக்காய்க் குளியல். இதைவிட நல்ல ஸ்பா எங்கே இருக்கிறது?