வருமுன் காக்கும் மருந்துக்கு யார் பணம் தருவது?



காப்புறுதிப் பத்திரத்தை வாங்கிப் பெட்டிக்குள் பூட்டி வைப்பது நம்மில் பலருடைய வழக்கம். அதை விரித்துப் படிக்கும் நாள், பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டணச் சீட்டு கைக்கு வந்த நாளாகவே இருக்கிறது. அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் ஒரு தடுப்பு மருந்துக்காகக் காப்புறுதியோடு படும் பாட்டை இம்முறை பார்ப்போம். அதில் நமக்கும் பாடம் உண்டு.

பிறருடைய சிறுநீரகத்தைப் பொருத்தினால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை அந்நியப் பொருள் என்று எண்ணித் தாக்கும். வீட்டுக் காவலாளி, வந்த விருந்தாளியைத் திருடன் என்று அடிப்பதைப் போலத்தான். ஆகவே காவலாளியின் கையைக் கட்டும் மருந்துகளை, அந்தச் சிறுநீரகம் வேலை செய்யும் காலம் வரை சாப்பிட வேண்டும். கை கட்டப்பட்ட காவலாளியால் உண்மையான திருடனையும் பிடிக்க முடியாதல்லவா? கிருமிகள் எளிதில் நுழைந்துவிடும்.

தடுப்பூசி போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். தடுப்பூசி என்பது உடம்புக்கு நடத்தும் பாடம். கிருமியின் அடையாளத்தைக் காட்டி, எதிர்ப்பொருளை நீயே செய்துகொள் என்று அது கற்றுக்கொடுக்கிறது. தூங்கி வழியும் மாணவனுக்குப் பாடம் சரியாக ஏறுமா? அதனால் வெளியில் தயாரித்த எதிர்ப்பொருளையே உடம்பில் செலுத்துகிறார்கள். விடையை எழுதிக் கையில் கொடுப்பது போன்றது இது. தானாகக் கற்றதல்ல, சில மாதங்களில் கரைந்துவிடும். மறுபடியும் செலுத்த வேண்டும்.

கோவிட் நோயைத் தடுக்க எவுஷெல்ட் என்ற எதிர்ப்பொருள் மருந்துக்கு அமெரிக்காவில் 2021 டிசம்பரில் அவசர அனுமதி கிடைத்தது. கிருமி உருமாறியதால் 2023 ஜனவரியில் அது நிறுத்தப்பட்டது. பிறகு 2024 மார்ச்சில் பெம்கார்டா என்ற மருந்து அவசர அனுமதி பெற்றது. 4,500 மில்லிகிராம் மருந்தை இரத்தக் குழாய் வழியாக ஏற்ற வேண்டும். பாதுகாப்புத் தொடர மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

பணம் யார் தருவது? அங்கே 65 வயதை எட்டியவர்களுக்கும், சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தவர்களுக்கும் மெடிகேர் என்ற அரசாங்கக் காப்புறுதி உண்டு. அதன் 'பி' பிரிவில் பெரும்பாலான சிகிச்சைகளுக்கு நோயாளி 20 விழுக்காடு கட்ட வேண்டும். ஆனால் கோவிட் நோயை வருமுன் தடுக்கும் எதிர்ப்பொருளை, மெடிகேர் தடுப்பூசி வரிசையில் சேர்த்தது. நோயாளி கையிலிருந்து காசு தர வேண்டியதில்லை. ஒரு மருந்து எந்த வரிசையில் நிற்கிறது என்பதில் எவ்வளவு பணம் அடங்கியிருக்கிறது பாருங்கள்!

இங்கேதான் ஓர் ஓட்டை. சிறுநீரகக் கோளாறு ஒன்றையே காரணமாக வைத்து மெடிகேர் பெற்றவருக்கு, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி 36 மாதங்களில் அந்தக் காப்புறுதி முடிந்துவிடும். பிறகு மருந்து வாங்க வழியின்றி, பொருத்திய சிறுநீரகத்தையே இழந்தவர்கள் உண்டு. இதற்காக 2023 ஜனவரி முதல், வேறு காப்புறுதி இல்லாதவர்கள் சந்தா கட்டிச் சேர ஒரு தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளுக்கு மட்டும் அது பணம் தரும்.

'மட்டும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். காவலாளியின் கையைக் கட்டும் மருந்துக்குப் பணம் உண்டு. கட்டியதால் வரும் ஆபத்தைத் தடுக்கும் எதிர்ப்பொருளுக்கு அந்தப் பிரிவில் பணம் இல்லை. யானையை வாங்கிக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கும் கதைதான்! நோய் வந்து மருத்துவமனையில் படுத்தால் ஆகும் செலவை யார் எண்ணிப் பார்த்தார்கள்?

உங்கள் வீட்டுப் பத்திரத்திலும் இப்படி ஒரு 'மட்டும்' ஒளிந்திருக்கலாம். முகவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். சிகிச்சைக்கு மட்டுமா, தடுப்புக்கும் பணம் உண்டா? மருத்துவமனையில் தங்கினால்தானா, ஊசி போட்டுக்கொண்டு அன்றே திரும்பினாலும் உண்டா? எத்தனை காலத்துக்கு? வாய்ச்சொல் போதாது, பதிலை எழுத்தில் வாங்குங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்கள், படித்த பிள்ளையை அருகில் உட்காரவைத்து வரிக்கு வரி படிக்கச் சொல்லுங்கள். மாதந்தோறும் சந்தா கட்டுகிறவர்கள் நாம். கேட்பதற்கு வெட்கப்படலாமா?