வலி கண்ட தாய் நடமாடலாமா?

தலைப்பேற்றுக்காக மகளைத் தாய்வீட்டிற்கு அழைத்து வந்திருக்கும் பெற்றோர், எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர், எவ்வளவு செலவு என்பனவற்றையெல்லாம் தீர விசாரிக்கின்றனர். வலி தொடங்கியபின் அவளை எழுந்து நடக்க விடுவார்களா, கட்டிலிலேயே கிடத்திவிடுவார்களா என்று கேட்போரோ மிகச் சிலரே. அக்கேள்வியை இம்மாதம் நாம் எடுத்துக்கொள்வோம்.

வலி மரத்துப்போகச் செய்யும் மருந்தின்றிப் பிள்ளை பெறும் தாய்க்கு, உடலை விருப்பம்போல் அசைத்துக்கொள்வது பெருந்துணையாகும். நடப்பதும், சுவரைப் பற்றி நிற்பதும், மண்டியிடுவதும், ஒருக்களித்துப் படுப்பதும் வேதனையைத் தாங்க உதவுகின்றன. மல்லாந்து கிடக்கும்போது கனத்த கருப்பை முதுகெலும்பை ஒட்டியுள்ள பெரிய இரத்தக்குழாய்களை அழுத்துவதால், குழந்தைக்குச் செல்லும் இரத்தம் குறையக்கூடும். 5,200க்கும் மேற்பட்ட தாய்மாரை உள்ளடக்கிய 25 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வின்படி, நிமிர்ந்தும் நடந்தும் இருந்தோருக்குப் பேற்றின் முதற்கட்டம் ஏறத்தாழ 1 மணி 20 நிமிடம் குறைந்தது. அறுவைச் சிகிச்சையும் குறைந்தது.

அங்ஙனமாயின் சில மருத்துவமனைகள் தடுப்பதேன்? குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவுசெய்யும் கருவியின் பட்டை வயிற்றிலும், குளுக்கோஸ் குழாய் கையிலும் இருந்தால் தாய் எழுந்து நடமாடுவது கடினமாகிறது. பல தாய்மாரைச் சில செவிலியரே கவனிக்கும் நெருக்கடியும் உண்டு. இவற்றை நாம் உணர்கிறோம். எனினும், நலமுள்ள தாய்க்கு இடைவிடாத பதிவு வேண்டியதில்லை என்றும், வலி வலுத்த முதற்கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்திற்கு ஒருமுறையும், முக்கிப் பெறும் கட்டத்தில் 5 நிமிடத்திற்கு ஒருமுறையும் துடிப்பைக் கேட்கலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2018இல் வழிகாட்டியுள்ளது. அத்தாயை நடமாட ஊக்குவிக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. நடுவணரசு 2017 டிசம்பரில் தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டமும், பேற்றின்போது துணையாள் ஒருவர் உடனிருப்பதையும், தாய் தனக்கேற்ற நிலையைத் தேர்ந்துகொள்வதையும் ஏற்றுள்ளது.

ஆயினும் எல்லாருக்கும் ஒரே விதி பொருந்தாது. உதிரப்போக்கு, மிகுந்த இரத்த அழுத்தம், குழந்தையின் தலை இறங்கிப் பொருந்துமுன் பனிக்குடம் உடைதல் முதலிய நிலைகளில் மருத்துவர் படுக்கச் சொன்னால், அதற்குக் கீழ்ப்படிவதே அறிவுடைமை. அப்போதும் மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கலாமா என்று கேட்கலாம்.

ஆகவே, எட்டாம் மாதப் பரிசோதனைக்குக் கணவரும் உடன் செல்லட்டும். "வலியின்போது நடக்க விடுவீர்களா? துடிப்பை எவ்வாறு கவனிப்பீர்கள்? பெண் துணை ஒருவர் உள்ளே இருக்கலாமா?" என மூன்று கேள்விகளைப் பணிவுடன் கேட்கட்டும். வலி வந்தபின் பிரசவ அறை வாயிலில் நின்று வாதாடுவதால் தாய்க்கும் பயனில்லை, செவிலியர்க்கும் பயனில்லை. வீட்டிலுள்ள மூத்தோரும் "அசையாமல் படு" என்று அதட்டாது, அவள் தோளைத் தாங்கி நான்கடி உடன் நடப்பார்களாக.