500 ஆக்கினா சரியாகுமா?

கலேவெலயில ஒரு மொத்த மரக்கறிக் கடைக்கு நாங்க பில் போடுற செயலி எழுதிக் கொடுத்தோம். லொறிகள் வந்து நிக்கிற நேரம் பார்த்து அது விழுந்தது. போஸ்ட்கிரெஸ் சொன்ன காரணம்: 'டூ மெனி கிளையண்ட்ஸ்.' கேட்ட எல்லாரும் ஒரே மருந்துதான் சொன்னாங்க, இணைப்பு எல்லையை 500 ஆக்குங்க என்று.

இந்த மருந்தோடதான் எங்கள் சண்டை. வழக்கமான எல்லை 100. ஒரு சின்னக் கடைக்கு அது ஏன் போதவில்லை? ஒவ்வொரு பில்லுக்கும் புது இணைப்பைத் திறந்து, பிழை வந்தால் மூடாமலே விட்டது எங்கள் கோட். 500 ஆக்கினால் காலையில் விழுவது மாலையில் விழும், அவ்வளவுதான். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்பும் தனி புரோசஸ் வேறு, மெமரியைத் தின்னும்.

'அப்ப எல்லாத் திரெட்டுக்கும் ஒரே இணைப்பு' என்பது இதைவிட மோசம். ஒரு திரெட் ரோல்பேக் செய்தால் பக்கத்துத் திரெட்டின் பாதி பில்லும் சேர்ந்து அழியும்.

பூல் வையுங்க. ஹிக்காரிசிபி இயல்பாக 10 இணைப்புதான் வைத்திருக்கும். பதினோராவது திரெட் 30 விநாடி வரை காத்திருக்கும். காத்திருக்கட்டுமே! கலேவெல பஸ் ஸ்டாண்டில ஆளுக்கொரு பஸ் கேட்டா நிக்கிறோம்? எடுத்த இணைப்பைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் பூலும் வற்றும். அந்தக் கசிவைக் காட்டித்தரும் அமைப்பு ஹிக்காரியில் இருக்கிறது, ஆனால் இயல்பில் அணைந்தே கிடக்கும். முதல்ல அதைப் போடுங்க.